பயப்பட ஒன்பது டிகிரி

“எவ்வளவு படிச்சா பயம் போவும், டீச்சர்?”

கேட்டவன் பொனிப்பாஸ். வயது ஐம்பத்தொன்று. டீச்சர் என்பவள் தெக்லா. வயது முப்பத்து நான்கு.

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் ஐஸ் ஆலையில் எஞ்சின் ரூம் அவள் பொறுப்பு, அவன் அவளுக்கு உதவியாள். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தாள். அங்கே ஒருவனும் கேள்வி கேட்கவில்லை என்று விட்டுவிட்டு வந்தாள். டீச்சர் என்ற பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவள் அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“எப்பவும் நனைச்சேதான் வச்சிருப்பியளா?”

“எப்பவும்.”

“தூங்கும்போது?”

“தலைமாட்டுல ஒரு செம்புத் தண்ணி உண்டு.”

ஐஸ் கட்ட அமோனியா வேண்டும். கம்ப்ரஸர் அதை அமுக்கும், அமுக்கினால் சூடாகும், குழாய்கள் அதைச் சுற்றிச் சுற்றி அனுப்பும். குழாய்க்குள் இருக்கும்வரை சொன்ன பேச்சைக் கேட்கும். வெளியே வந்தால் முதலில் கண்ணைப் பிடிக்கும், அப்புறம் மூச்சை. நனைந்த துணியை மூக்கில் அமுக்கிக்கொண்டால் வாசல்வரை ஓடலாம்.

பொனிப்பாஸ் அப்படி ஓடியவன்.

நான்கு வருடத்துக்கு முன், வேறொரு ஊரில், வேறொரு ஆலையில் ஒரு குழாய் பிளந்தது. உள்ளே எட்டுப் பேர். முதலில் வெளியே வந்தவன் பொனிப்பாஸ். கடைசியாக வந்தவன் ஹில்லாரி. ஹில்லாரிக்கு இப்போது கண் தெரியாது.

இந்த ஆலையின் மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இறால் உரிக்கும் ஷெட். நாற்பது பெண்கள். அவர்களில் ஒருத்தி அனஸ்தாசியா, பொனிப்பாஸின் மனைவி.

“கணக்கு தெரிஞ்சா போதும்னு நெனைக்கேன், டீச்சர். மெஷின் என்ன சூட்டுல ஓடணும்னு எனக்கே போடத் தெரிஞ்சா, மீட்டரைப் பாத்துட்டு, எல்லாம் சரியா இருக்கு, சும்மா கெடன்னு மனசுட்டச் சொல்லிரலாம்லா?”

“சொன்னா கேக்குமா?”

“கேக்கணும்.”

தெக்லா அலமாரியைத் திறந்து இரண்டு புத்தகங்களை எடுத்து வைத்தாள்.

ஒன்று வெள்ளைக்காரன் காலத்து அட்டவணை. பின்பாதியைக் கரையான் தின்றிருந்தது. மற்றது புதியது. அதில் நடுப் பக்கங்களை எவனோ கிழித்துக்கொண்டு போயிருந்தான். இரண்டு அரைப் புத்தகங்கள். முதலாளியிடம் புதுப் புத்தகம் கேட்கலாம். அவர் புது ஆளை எடுப்பார்.

“இதுல எஸ்-னு ஒரு கட்டம் இருக்கே, அது என்ன டீச்சர்?”

“என்ட்ரோப்பி.”

“அப்படின்னா?”

அவள் தரையில் சிதறிக் கிடந்த ஐஸ் சில்லு ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். விரல்களை மடக்கி மூடினாள். கொஞ்ச நேரத்தில் விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது.

“இப்பம் அதே கைச்சூட்டுல அதைத் திரும்பக் கட்டியாக்குங்க.”

“முடியாதே.”

“அந்த முடியாததுக்கு ஒரு நம்பர்.”

பொனிப்பாஸ் கையைத் துடைக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றான்.

“கம்ப்ரஸர் ஒரு குத்தமும் இல்லாம அமுக்குதுன்னு வச்சுக்கிடுங்க. உள்ள போற கேஸுக்கு அந்த நம்பர் எவ்வளவோ, வெளிய வாரதுக்கும் அதே நம்பர்தான். உள்ள போறதைப் பழைய புத்தகத்துல பாருங்க. அதே நம்பர் வெளிய எந்தச் சூட்டுல நிக்குன்னு புதுசுல தேடுங்க. நீங்க கேட்ட சூடு அதான்.”

“அவ்வளவுதானா?”

“ரெண்டும் ஒரே பாஷை பேசாது.”

பேசவில்லைதான். பழைய புத்தகம் சூட்டை பி.டி.யு.வில் எண்ணியது, எடையைப் பவுண்டில், வெப்பநிலையை ஃபாரன்ஹீட்டில். புதியது கிலோஜூல், கிலோ, செல்சியஸ். ஒரு பவுண்டு கேஸுக்கு, ஒரு ஃபாரன்ஹீட் டிகிரிக்கு இத்தனை என்று அது சொல்லும். ஒரு கிலோவுக்கு, ஒரு செல்சியஸ் டிகிரிக்கு இத்தனை என்று இது சொல்லும்.

முதல் வாரம் பொனிப்பாஸ் ஒரு தாளை நீட்டினான். தெக்லா படித்தாள்.

“இந்த முப்பத்தி ரெண்டு எங்கேருந்து வந்தது?”

“ஃபாரன்ஹீட்னா முப்பத்தி ரெண்டைக் கழிக்கணும்லா? பள்ளிக்கூடத்துல அடிச்சுச் சொல்லிக் குடுத்தாவ.”

அவள் சுவரோரம் நின்ற இரும்பு ஏணியைக் காட்டினாள்.

“ரெண்டாம் படியில ஏறி நில்லுங்க.”

நின்றான்.

“நாலாம் படிக்குப் போங்க.”

போனான். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“எத்தனை படி ஏறினிய?”

“ரெண்டு.”

“தரை எத்தனை அடி ஆழத்துல இருக்கு?”

“தரை எதுக்கு டீச்சர்? நான் ஏறினது ரெண்டு படி.”

அவள் அவன் தாளில் முப்பத்திரண்டை அடித்துவிட்டுப் போய்விட்டாள். அவன் நாலாம் படியிலேயே நின்றுகொண்டு கொஞ்சநேரம் யோசித்தான். பிறகு இறங்கி, ஒரு டிகிரிக்கு ஒன்று புள்ளி எட்டு என்று எழுதினான்.

அடுத்த வாரம் வேறொரு பயம்.

“டீச்சர், பவுண்டைக் கிலோவாக்கினேன். ஃபாரன்ஹீட்டைச் செல்சியஸாக்கினேன். பி.டி.யு.வைக் கிலோ கலோரியாக்கினேன். கடைசியில பழைய புத்தகத்துல இருந்த அதே நம்பர் வந்து நிக்கி. ஒண்ணு புள்ளி மூணு ரெண்டு அஞ்சு மூணு. அப்படியே.”

“ஆமா. ஒண்ணை ஒண்ணு அடிச்சுக்கிடும்.”

“எல்லாத்தையும் மாத்தியாச்சு, நம்பர் மாறலையே!”

“அதுக்கும் பயமா?”

“வேலை செஞ்சும் ஒண்ணும் ஆகலைன்னா பயம்தான.”

“சரி, உங்க திருப்திக்கு மாத்துவோம். கலோரியை ஜூலாக்குங்க. நாலு புள்ளி ஒண்ணு எட்டு ஆறு எட்டு. பெருக்குங்க.”

பெருக்கினான். ஐந்து புள்ளி ஐந்து நான்கு ஒன்பது. மாறிய எண்ணைப் பார்த்ததும் அவனுக்கு மூச்சு வந்தது.

அன்றைக்கே ஒரு கால்குலேட்டர் வாங்கினான். பயந்தவன் கையில் கால்குலேட்டர் கொடுத்தால் பயம் மூன்று தசமஸ்தானம் வரை துல்லியமாகும். வேறொன்றும் நடக்காது. இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி.

தெக்லா மொட்டைமாடியில் இருந்தாள், சூடு ஆற்றும் குழாய்கள்மேல் தண்ணீர் ஒழுங்காக விழுகிறதா என்று பார்க்க. எஞ்சின் ரூமில் பொனிப்பாஸ் தனியாக இருந்தான். முதல் தடவையாக முழுக் கணக்கையும் தானே போட்டு முடித்தான்.

ஐந்து புள்ளி ஐந்து நான்கு ஒன்பது. புதுப் புத்தகத்தில் விரலை ஓட்டினான். விரல் ஒரு கட்டத்தில் நின்றது.

அறுபது டிகிரி.

அறுபதுதானா? அறுபதுக்கா இவ்வளவு நாள் துண்டை நனைத்தோம்? சிரிப்பு வந்தது. கம்ப்ரஸரிடம் போய் மீட்டரைப் பார்த்தான்.

நூற்றெட்டு.

சிரிப்பு முகத்திலேயே மாட்டிக்கொண்டது.

திரும்பி வந்து பெருக்கினான். அறுபது. மறுபடி பெருக்கினான். அறுபது. மீட்டரைத் தட்டினான். முள் நூற்றெட்டை விட்டு அசையவில்லை.

நேற்றும் அது நூற்றெட்டில்தான் இருந்தது. போன மாதமும். அது அவனுக்குத் தெரியும். ஆனால் நேற்றுவரை நூற்றெட்டு வெறும் எண். இன்றைக்கு அது அறுபதுக்கு மேலே நாற்பத்தெட்டு.

கம்ப்ரஸரின் சத்தம் மாறியதுபோல் இருந்தது. மாறவில்லை. அவன் காதில் மாறியது. வாசல் பதினோரு எட்டில் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்றே எண்ணி வைத்திருந்தான்.

ஓடவில்லை.

“இந்தத் தடவை மாட்டேன்,” என்று சத்தமாகச் சொன்னான், அறையில் யாரும் இல்லாதபோதும்.

கூடுதலாகச் சூடானால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்று எங்கோ படித்திருந்தான். காற்றை வெளியேற்ற மேற்குச் சுவரில் ஒரு வால்வு உண்டு. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய் சுவர் ஓட்டை வழியாக ஷெட் பக்கம் போய், அங்கே ஒரு வாளித் தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். காற்றோடு அமோனியா வந்தாலும் தண்ணீர் அதைக் குடித்துவிடும். காற்று மட்டும் குமிழிவிடும். வால்வைத் தொடும் முன் சுவரைச் சுற்றிப் போய் வாளியைப் பார்த்துவிட்டு வருவது வழக்கம்.

சுற்றிப் போக அறுபது எட்டு நடக்க வேண்டும். பொனிப்பாஸ் போகவில்லை. கண்ணெதிரே நூற்றெட்டு.

வால்வை அரைச் சுற்று திறந்தான்.

குமிழிச் சத்தம் வரவில்லை. ஒரு சீறல் வந்தது.

இன்னும் அரைச் சுற்று திறந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். பிறகு இரண்டு பேர். பிறகு எல்லோரும். ஏதோ பாத்திரம் உருண்டது. “ஏ யம்மா, கண்ணு! கண்ணு!” என்று ஒரு குரல்.

பொனிப்பாஸுக்குக் கை வால்வில் உறைந்துவிட்டது. மூடுவதற்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது மறந்துபோயிற்று. மறுகை துண்டைத் தன் மூக்கில் அமுக்கிப் பிடித்திருந்தது. அதை எப்போது எடுத்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

அவன் கைமேல் இன்னொரு கை விழுந்தது. இருமல் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்த தெக்லா. ஒரே திருப்பில் வால்வை மூடினாள். சுவர் ஓட்டையில் வாயை வைத்துக் கத்தினாள்.

“கடலைப் பாத்து ஓடுங்க! காத்துக்கு எதுக்க ஓடுங்க! கண்ணைத் தேய்க்காதிய, குழாயைத் தெறந்து கழுவுங்க!”

அப்புறம் அவளும் வெளியே ஓடினாள்.

பொனிப்பாஸ் நின்ற இடத்திலேயே நின்றான். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றெட்டு.

கால் மணி நேரம் கழித்து அவள் வந்தாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது.

“யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் இல்ல. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல். நாலு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கேன்.”

“அனஸ்தாசியா?”

“வாளி அங்க இல்ல. இறால் கழுவ எடுத்துட்டுப் போயிருக்காவ.”

“டீச்சர், அனஸ்தாசியா?”

“பேப்பரைக் குடுங்க.”

“மெஷினை நிறுத்துங்க டீச்சர்! முதல்ல நிறுத்துங்க! அறுபதுல ஓட வேண்டியது நூத்தெட்டுல ஓடுது, வெடிச்சிரும்!”

“பேப்பர்.”

கொடுத்தான். அவள் வரிவரியாகப் படித்தாள். படிக்கிற வேகத்தில் ஓர் உலைச் சோறு பொங்கி இறக்கியிருக்கலாம்.

“பெருக்கல் சரி. யூனிட் மாத்தினது சரி. முப்பத்தி ரெண்டைக் கழிக்கலை.”

“அப்பம் மெஷின்தான் தப்பு.”

“மெஷினும் சரி.”

“ரெண்டும் எப்படி டீச்சர் சரியா இருக்கும்?”

“ஏணியில ஏறுங்க.”

“இப்பமா? வெளிய என் பொஞ்சாதி எப்படிக் கெடக்காளோ...”

“ஏறுங்க. அஞ்சாம் படி.”

ஏறினான். ஐந்தாம் படியில் நின்றான். மூக்குக்கு நேரே சுவர்.

“என்ன தெரியுது?”

“சுவர்.”

“இறங்கி அந்த ஏணியில ஏறுங்க. அதுலயும் அஞ்சாம் படி.”

இன்னொரு ஏணி கம்ப்ரஸர் மேடைமேல் நின்றது. இடுப்பளவு கான்கிரீட் மேடை. பொனிப்பாஸ் மேடையில் ஏறி, ஏணியில் ஏறி, ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி ஐந்தில் நின்றான். சுவர் உச்சியில் இருந்த வென்டிலேட்டர் அவன் முகத்துக்கு நேராக வந்தது.

அந்தப் பக்கம் ஷெட் தெரிந்தது. உரித்ததும் உரிக்காததுமாக இறால் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. குழாயடியில் ஒருத்தி குனிந்து முகத்தில் தண்ணீரை அறைந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. திறந்திருந்தன.

“என்ன தெரியுது?”

அவன் முகத்தை வென்டிலேட்டரோடு ஒட்டினான்.

“அண்ணே, என்ன தெரியுது?”

“அனஸ்தாசியா.”

“எத்தனாவது படியில நிக்கிய?”

“அஞ்சு.”

“அந்த ஏணியில?”

“அஞ்சு.”

“படிக்குப் படி உயரம் வித்தியாசமா?”

“இல்ல. ரெண்டும் ஒரே பட்டறையில செஞ்சது.”

கீழே இருந்து அனஸ்தாசியா அவனைப் பார்த்துவிட்டாள். கண்ணைச் சுருக்கி, யார் என்று நிதானித்து, கத்தினாள். தொண்டை கட்டியிருந்தது.

“அங்க நின்னுக்கிட்டு என்ன வேடிக்கை பாக்கிய? வாளியை எடுத்தது நாந்தான். திட்டணும்னா இறங்கி வந்து திட்டுங்க!”

பொனிப்பாஸ் வென்டிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டான். ஏணி அவனோடு சேர்ந்து ஆடியது.

வாளியை அவள் எடுத்தாள். அது உண்மைதான். ஊரே அதைத்தான் சொல்லப்போகிறது. அவன் சும்மா இருந்தால் போதும்.

“தெறந்தது நான்,” என்றான்.

“என்னது? காது அடைச்சிருக்கு, சத்தமா சொல்லுங்க.”

“வாளி இருக்கான்னு பாக்காம வால்வைத் தெறந்தது நான்!”

குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அனஸ்தாசியா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மெதுவாகத் துடைத்தாள்.

“இருமி முடிச்சிட்டு வாரேன்,” என்றாள். “அங்கேயே இருங்க. எங்கயாவது ஓடிராதிய.”

“ஓடல.”

அவன் தலையைக் குனிந்தான். முதலில் தெரிந்தது தன் கால். பிறகு படிகள். பிறகு ஏணியின் கால். பிறகு அது நின்ற மேடை. மேடைக்குக் கீழே, எங்கோ, தரை.

“டீச்சர்.”

“சொல்லுங்க.”

“அன்னைக்குத் தரை எதுக்குன்னு கேட்டேன்.”

“கேட்டிய.”

அவன் இறங்கினான். மேசைக்குப் போய் இரண்டு புத்தகங்களையும் மூடினான். பிறகு முதல் பக்கத்திலிருந்து திறந்தான். அட்டவணைக்கு முன்னால் வரும் பக்கம், பொடி எழுத்தில் இருப்பது, எவனும் படிக்காதது.

பழைய புத்தகம் சொன்னது: பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது டிகிரியில் உள்ள திரவ அமோனியாவுக்கு என்ட்ரோப்பி பூஜ்யம் என்று வைத்துக்கொண்டோம்.

புதுப் புத்தகம் சொன்னது: பூஜ்யம் செல்சியஸில் உள்ள திரவ அமோனியாவுக்கு என்ட்ரோப்பி ஒன்று என்று வைத்துக்கொண்டோம்.

வைத்துக்கொண்டோம். இரண்டு தடவை படித்தான்.

பழையதைப் புரட்டினான். அதே திரவம், அதே பூஜ்யம் செல்சியஸ், அவன் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிப் படித்த முப்பத்திரண்டு ஃபாரன்ஹீட். அங்கே புள்ளி ஒன்று ஆறு ஒன்பது ஒன்பது. பெருக்கினான். புள்ளி ஏழு ஒன்று ஒன்று. புதியதில் அதே இடத்தில் ஒன்று. நடுவில் புள்ளி இரண்டு எட்டு ஒன்பது.

“மேடை,” என்றான்.

ஐந்து புள்ளி ஐந்து நான்கு ஒன்பதோடு அதைக் கூட்டினான். ஐந்து புள்ளி எட்டு மூன்று எட்டு. கடைசிப் பக்கங்களில் விரலை வைத்து மெல்ல இழுத்தான். விரல் அறுபதைத் தாண்டியது. எழுபதைத் தாண்டியது. எண்பதைத் தாண்டியது. நின்றது.

தொண்ணூற்றொன்பது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். தோளிலிருந்த துண்டை எடுத்து மேசையில் வைத்தான். அது நனைத்த இடத்தில் மை கலைந்தது. கவனிக்கவில்லை.

“தொண்ணூத்தொம்பது, டீச்சர்.”

“ம்.”

எழுந்து போய் மீட்டரைப் பார்த்தான். திரும்பி வந்தான். மறுபடி போய்ப் பார்த்தான். கம்ப்ரஸர் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“நூத்தெட்டு காட்டுதே. இன்னும் ஒம்பது இடிக்கி. அதை எந்தப் புத்தகத்துல பாக்கணும்?”

“எந்தப் புத்தகத்துலயும் இல்ல.”

“யூனிட் மாத்தினதுல எங்கயாவது விட்டுட்டேனா?”

“இல்ல.”

“இந்தத் தடவையும் தரை மாறியிருக்குமோ?”

“இல்ல.”

“அப்பம் குத்தமில்லாம அமுக்கினா தொண்ணூத்தொம்பது, மிச்ச ஒம்பது மெஷினுக்குன்னு உள்ள குத்தம். அதை என்ன செய்ய?”

தெக்லா ஈரத் துண்டை மேசையிலிருந்து எடுத்துப் பிழிந்து அவன் தோளில் திரும்பப் போட்டாள்.

“அதுக்குப் பயப்படுங்க.”